களப்பிலிருந்து திரும்பாத வேட்பாளர்

தேர்தல் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சட்டம் படிப்பிக்கப் போவதில்லை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு அதில் சில வரிகள் மாறியும் இருக்கலாம், நீங்களே எடுத்துப் பாருங்கள். வேட்புமனுவில் எந்தக் கையெழுத்தை முதலில் பார்ப்பது, வாக்குப் பெட்டிக்கு எப்படி முத்திரை வைப்பது என்பதெல்லாம் ஒரு தேர்தலோடு கைக்கு வந்துவிடும். என் சேவையின் கடைசித் தேர்தலில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் நான் ஒரு பிழையும் விட்டேன், அதையும் மறைக்கவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றுக்காரன். இளவயதில் எங்கள் முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற்றப்பட்டு ஊரைவிட்டுப் போனபோது நானும் போனேன். புத்தளம் பக்கத்தில் ஓர் ஓலைக்கொட்டிலில் இருந்து படித்துத்தான் இந்த வேலைக்குச் சோதனை எழுதினேன். சண்டை முடிந்த பிறகு வன்னிக்கு மாற்றம் கிடைத்து வந்து, வாக்காளர் இடாப்புத் திருத்தும் வேலையில் பல வருடம் அலைந்தேன். மோட்டார் சைக்கிளில் இடாப்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். சில வீட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. சில வீட்டில் ஆள் இருப்பார், பெயர் இருக்காது. ‘இவர் எங்கே?’ என்று கேட்டால் சிலர் பதில் சொல்வார்கள். சிலர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், பதில் வராது. அந்த நாட்களை இப்போது நினைத்தால் நான் கண்ட கனவுபோல இருக்கிறது. வெயில், வெட்டை, தலையில்லாத பனைகள், என் கையில் ஒரு கட்டுப் பெயர்கள்.

நான் சொல்லப்போகும் சங்கதி பூநகரிக்கு அப்பால், களப்பு என்கிற ஆழமில்லாத கடலேரியின் கரையில் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்தில் நடந்தது. அங்கே மத்தியானத்தில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியாது. தூரத்தில் நிற்கிற வள்ளம் தண்ணீரில் நிற்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா என்று சொல்ல முடியாது. முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோகிறவர்கள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்துக்குள் கரைந்து போவார்கள். கொஞ்ச நேரத்தில் வேறோர் இடத்தில் தோன்றுவார்கள்.

அந்த வருடம் பிரதேச சபைத் தேர்தலுக்கு ஜெயபுரத்துக் கமக்காரர்களும் களப்போரத்து மீனவர்களும் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழு போட்டார்கள். குழுத் தலைவர் கேதீஸ்வரன். ஜெயபுரத்தைச் சேர்ந்த நெல் விவசாயி, நாற்பது வயது வராதவர், வேகமாகக் கதைப்பவர். மீனவர் வட்டாரத்துக்கு அவர்கள் நிறுத்திய வேட்பாளர் சவரிமுத்து. ஐம்பது வயது இருக்கும். வேட்புமனுக் கொடுக்க வந்த அன்று மற்றக் கட்சிக்காரர்கள் மாலையும் படப்பிடிப்புமாக நின்றார்கள். இவர் என் மேசையில் குனிந்து, தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

“சேர், ‘சவரி’ எண்டுதானே கிடக்கு? ‘சவிரி’ எண்டு இல்லையே?”

“சரியாத்தான் கிடக்கு. ஏன் கேக்கிறியள்?”

“முகாமில இருக்கேக்க அடையாள அட்டையில பிழையா அடிச்சுப்போட்டாங்கள். அதைத் திருத்த ஒண்டரை வருசம் போனது.”

சபைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன். “ஒரு இறங்குதுறை கட்டுவிக்கவேணும். வேற ஒண்டும் எனக்கு விளங்காது, சேர்” என்றார். அவரோடு நான் கதைத்தது அவ்வளவுதான்.

தேர்தலுக்கு மூன்று கிழமைக்கும் குறைவாக இருந்தபோது, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அந்த வருடம் முந்திக்கொண்டு அடித்தது. ஒரு திங்கட்கிழமை விடிய வலையோடு போன சவரிமுத்து திரும்பி வரவில்லை. மத்தியானம் அவருடைய வள்ளம் கரையோரக் கண்டல் மரப் பற்றைக்குள் செருகிக் கிடந்தது. வலையில் பாதி வள்ளத்துக்குள்ளும் பாதி தண்ணீருக்குள்ளும் கிடந்தது. ஊர் ஆட்கள் அன்றும் அடுத்த நாளும் தேடினார்கள். ஒரு செருப்பும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை நான் கந்தோர் கதவைத் திறக்கும்போதே கேதீஸ்வரன் வாசலில் நின்றார்.

“சேர், ஆள் முடிஞ்சுது. இண்டையோட மூண்டு நாள். வேற பேர் கொண்டந்திருக்கிறன், எடுங்கோ.”

அப்போது எங்களுக்கிருந்த விதி இதுதான். வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு வேட்பாளர் ஒருவர் இறந்தால், மூன்று நாட்களுக்குள் குழுத் தலைவர் அவருடைய இடத்துக்கு இன்னொருவரின் பெயரைத் தரலாம். மூன்று நாள் தாண்டினால் கதவு மூடிவிடும்.

“உடம்பு கண்டதோ?” என்று கேட்டேன்.

“இல்லை. வள்ளம் கண்டதுதானே? அந்தக் காத்துக்குள்ள ஆர் தப்புறது? இவரின்ரை பேரை அப்பிடியே விட்டா, எங்கட சனம் போடுற வாக்கு முழுக்கத் தண்ணிக்குள்ள போயிடும். செத்த ஆளைத் தெரிவு செய்தது செல்லாதெண்டு பிறகு வழக்கு வைப்பாங்கள்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. தேர்தல் கிழமைகளில் நித்திரை குறைவு, மேசை நிறையப் பிரச்சினை. முடிக்கக்கூடிய ஒன்றை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தை நீங்களும் காண்பீர்கள், அது கடமை உணர்ச்சி மாதிரியே இருக்கும். மரண அத்தாட்சிப் பத்திரம் கிடைக்க வழியில்லை, மனைவியின் வாக்குமூலம் ஒன்றை வைத்துக்கொண்டு பதில் வேட்பாளரை ஏற்கலாம் என்று நினைத்தேன். எழுதுவினைஞரிடம் சொல்லி ஒரு தாளில் அடிப்பித்தேன். ‘காலஞ்சென்ற சவரிமுத்து அவர்களின் மனைவியாகிய நான்’ என்று அது தொடங்கியது. கையெழுத்து வாங்க ஜீப்பில் நானே போனேன்.

போகும் வழியெல்லாம் களப்பு ஒரு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு போனபோது, எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பது எனக்கே தூரத்துச் சங்கதியாகிப் போனது. கரையில் ஜீப்பை நிறுத்தி அந்த வள்ளத்தை என் கண்ணால் பார்த்தேன். ஆட்கள் அதைக் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தியே வைத்திருந்தார்கள், திரும்பவும் கடலுக்குப் போகப் போவதுபோல.

சவரிமுத்துவின் மனைவி பெயர் றெஜினா. வீட்டுக்குள் அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்தது. முற்றத்து வேம்பின் கீழ் பெண்கள் சிலர் இருந்தார்கள், ஒருவரும் அழவில்லை. றெஜினா எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். நான் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே மெதுவாக வாசித்தார். முதல் வரியில் நின்றுவிட்டார்.

“சேர், இதில ‘காலஞ்சென்ற’ எண்டு கிடக்கு.”

அவருடைய விரல் அந்தச் சொல்லில் நின்றது.

“ஆர் சொன்னது உங்களுக்கு?”

கேதீஸ்வரன் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் சொல்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கலாம்.

“பங்குச் சுவாமியிட்டயும் கோயில்ல துக்கமணி அடிக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்” என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. “என்ரை தம்பி கடைசிச் சண்டையில காணாமல் போனவன். அம்மாவிட்டையும் இப்பிடி ஒரு கடதாசி கொண்டு வந்தவை. அவா இண்டைக்கும் கையெழுத்து வைக்கேல்லை. இத்தினை வருசமா வைக்காத மனுசியின்ரை மகள் நான். என்னை மூண்டு நாளில வைக்கச் சொல்லுறியள்.”

தாளை மடிப்புக் குலையாமல் மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். குடித்தேன்.

பிழை என்று நான் சொன்னது இதைத்தான். ஒரு சொல்லை அதற்குரிய ஆள் சொல்லுமுன் தாளில் அடிப்பித்தேன். இடாப்புத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் பதில் வராத அத்தனை வீட்டையும் கண்ட நான், அந்தச் சொல்லைக் கண்டும் காணாமல் கையெழுத்து வாங்கப் போனேன். சவரிமுத்து இறந்துவிட்டார் என்று அந்த வேம்பின் கீழ் இருந்த எல்லாருக்கும் தெரியும். றெஜினாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை எழுதும் உரிமை என் தட்டச்சுக்கு இருக்கவில்லை.

திரும்பும்போது ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கொழும்பில் சட்ட விடயங்களைப் பார்க்கும் ஓர் அம்மாவுக்கு அழைத்தேன். பெயர் வேண்டாம். இரண்டு மூன்று தேர்தல்களில் என்னைக் காப்பாற்றியவர். நடந்ததைச் சொன்னேன்.

“நீங்கள் உங்கடை கண்ணால என்ன கண்டனீங்கள்?” என்று கேட்டார்.

“வெறும் வள்ளம் ஒண்டு கண்டன்.”

“அப்ப வெறும் வள்ளத்தை எழுதுங்கோ. இறந்துபோனார் எண்டும் எழுதாதேங்கோ, உயிரோட இருக்கிறார் எண்டும் எழுதாதேங்கோ. ஒவ்வொரு நாளும் என்ன கண்டியளோ அதைக் கோவையில எழுதி வையுங்கோ. முடிவு உங்கடை. நான் சொன்னதெண்டு மட்டும் எங்கயும் போட்டுடாதேங்கோ.”

அன்று பின்னேரம் கேதீஸ்வரனுக்குக் கடிதம் கொடுத்தேன். இறப்பு உறுதிப்படாததால் பதில் வேட்பாளரை ஏற்க முடியாது, சவரிமுத்துவின் பெயர் அப்படியே இருக்கும் என்று. அவர் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“நீங்கள் அவரின்ரை மனுசியைப் பாக்கிறியள், சேர். நான் அந்த வட்டாரம் முழுக்கப் பாக்கவேணும். வழக்கு வைக்கப்போறன்.”

“வையுங்கோ. அது உங்கடை உரிமை. தேவையான பிரதியெல்லாம் நான் தாறன்.”

உண்மையில் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. வழக்கு வைக்கிறவரைக் கண்டு கோபிக்காதீர்கள். உங்கள் தோளில் இருக்கும் பாரத்தில் ஒரு பக்கத்தைப் பிடிக்க அவர் இன்னொருவரைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான்.

வழக்கு அடுத்த கிழமையே வவுனியாவில் எடுக்கப்பட்டது. போட்டிக் கட்சியும் தன் சட்டத்தரணியை அனுப்பியிருந்தது. நரைத்த மீசையுடைய, நல்ல குரல்வளம் உள்ள மனிதர். அவர் எழுந்து, உயிரோடு இருக்கக்கூடிய ஓர் ஏழை மீனவரின் பெயரை வெட்டுவதற்கு உலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை என்று வாதாடினார். கேட்டுக்கொண்டிருந்தால் சவரிமுத்து எங்கோ ஒரு தீவில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். கேதீஸ்வரனின் சட்டத்தரணி காற்றின் வேகத்தைச் சொன்னார், வள்ளத்தின் நிலையைச் சொன்னார், நியாயமாக யோசிக்கும் எவரும் வரக்கூடிய முடிவு ஒன்றுதான் என்றார். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

நீதிபதி என்னைப் பார்த்தார். “தேர்தல் அலுவலர் நீங்கள்தானே? இந்த மனிதர் இறந்துவிட்டாரா?”

“தெரியாது, கனம் நீதிபதி அவர்களே.”

“உங்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்குமே?”

“இருக்கிறது. அதை வைத்து ஒருவரின் பெயரை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

அவர் என் கோவையை வாங்கி, நாள்வாரியாக எழுதிய குறிப்புகளை வாசித்தார். நான் கொண்டுபோன தாளும் அதில் இருந்தது, அந்தச் சொல்லோடு. அதைக் கிழித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்ததுண்டு, கிழிக்கவில்லை. அவர் அந்தத் தாளில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, வழக்கத்தில் இல்லாதபடி, மனைவி வந்திருக்கிறாரா என்று கேட்டார். பின் வரிசை வாங்கிலிலிருந்து றெஜினா எழுந்தார்.

“அம்மா, உங்கள் கணவர் திரும்பி வருவார் என்று நம்புகிறீர்களா?”

றெஜினா முன் வாங்கிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நம்புறனோ எண்டு எனக்கே தெரியேல்லை, ஐயா. ஆனா அவர் இல்லையெண்டு எனக்கு முதல் வேற ஆக்கள் சொல்லக்கூடாது.”

கேதீஸ்வரனின் விண்ணப்பம் தள்ளுபடியானது. பெயர் அப்படியே இருந்தது.

ஒன்று சொல்லவேண்டும், கேதீஸ்வரன் அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சவரிமுத்துவுக்கே வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனார். படம் போட்ட துண்டுகளைக் கரையில் கிடந்த வள்ளங்களில் ஒட்டினார்கள். ஆய்வுக்குப் போன ஒரு நாள் பார்த்தேன். சோளகம் அந்தத் துண்டுகளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்க, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சவரிமுத்துக்கள் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இடுப்புச் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டி நிலத்தில் ஓடியது. “என்ரை பேர் சரியா விழுந்திருக்கோ, சேர்?” என்று கேட்டார். நான் இடாப்பைப் புரட்டுகிறேன், புரட்டுகிறேன், ஒவ்வொரு பக்கமும் ஈரமாகிக் கையோடு வருகிறது. விழித்தபோது கந்தோர் வெறுமையாகக் கிடந்தது, வெயில் யன்னலுக்குள் வந்திருந்தது. எழுந்து நிலத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

சவரிமுத்து வென்றார். எண்ணும் நிலையத்தில் நான்தான் அந்தப் பெயரை வாசித்தேன். வென்றவரின் பெயரை வாசித்தால் யாராவது கை தட்டுவார்கள், அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை. சவரிமுத்துவின் குழு முகவர்கள் எழுந்து நின்றார்கள், கோயிலில் நிற்பதுபோல.

பத்து நாளில் அடுத்த வழக்கு வந்தது. இந்த முறை வைத்தது போட்டிக் கட்சி. சவரிமுத்து தேர்தலுக்கு முன்பே இறந்துவிட்டார், இறந்தவரைத் தெரிவு செய்ய முடியாது, முடிவை இரத்துச் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. கேதீஸ்வரனின் பக்கமோ, இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டது. தெரிவு செல்லும் என்றால், வராத உறுப்பினரின் இடத்துக்குக் குழு வேறொருவரைப் போடலாம். செல்லாது என்றால் அந்த இடம் அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். ஒரே மனிதரை முதல் வழக்கில் இறந்தவர் என்றவர்கள் இப்போது உயிரோடு வைத்தார்கள், உயிரோடு இருக்கிறார் என்றவர்கள் சாகடித்தார்கள்.

நீதிமன்ற விறாந்தையில் அந்த மீசைக்காரச் சட்டத்தரணியைக் கண்டேன்.

“சேர், போன முறை உயிரோட இருக்கிறார் எண்டு சொன்னனீங்கள்” என்றேன்.

அவர் வெட்கப்படாமல் சிரித்தார். “போன முறை எனக்கு அது தேவையாயிருந்தது. உங்களுக்கு இந்த முறை என்ன தேவை?”

“எனக்கு அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது.”

“அதுதான் உங்களோட கரைச்சல்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. அந்த முடிவில் என் கையெழுத்து இருந்தது. அது நிலைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆவணியில் களப்பு வற்றியது. தண்ணீர் பின்வாங்கிப் பின்வாங்கி, வெடித்த சேறும் உப்புப் படலமுமாகக் கிடந்தது. இறால் பிடிக்கத் தொலைவுக்குப் போன இரண்டு பெண்கள் கண்டல் வேர்களுக்குள் எலும்புகளைக் கண்டார்கள். கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியக் கயிற்றையும் சாரத்தின் கரையையும் வைத்து றெஜினா அடையாளம் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து, முற்பகல் பதினொரு மணியளவில், றெஜினா என் கந்தோருக்கு வந்தார். எழுந்து கதிரையை இழுத்துப் போட்டேன்.

“கண்டெடுத்தாச்சு, சேர்.”

“கேள்விப்பட்டனான். இருங்கோ, அம்மா.”

இருந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. “நாளைக்கு மரண விசாரணை. டொக்டரால நாள் சொல்லேலாதாம். கடைசியா உயிரோட கண்ட ஆள் நான்தானாம், நான் சொல்லுறதை வைச்சுத்தான் திகதி எழுதுவினமாம்.” சேலைத் தலைப்பை மடியில் நீவிவிட்டார். “கேதீஸ் தம்பி வீட்டை வந்தவர். அவர் கெட்ட ஆள் இல்லை. ‘எண்டைக்கு எண்டு தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா, கண்டெடுத்த நாளைப் போடுவினம்’ எண்டவர். நான் அவர் கடலுக்குப் போன நாளைச் சொன்னா என்ன நடக்கும், சேர்?”

வழக்கில் நானும் ஒரு பிரதிவாதி. அவரை உள்ளே விட்டதே சரியா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது சட்டம். சட்டத்தைக் கேட்கிறவருக்குச் சொல்லாமல் விடுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

“என்ன சொல்லவேணுமெண்டு நான் சொல்லேலாது, அம்மா. எதைச் சொன்னா என்ன நடக்குமெண்டு சொல்லலாம். போன நாளை எழுதினா, தேர்தலண்டைக்கு அவர் உயிரோட இல்லையெண்டு ஆகும். தெரிவு செல்லாமல் போகும். கண்டெடுத்த நாளை எழுதினா, அந்த இடம் அனேகமா நிலைக்கும்.”

“இறங்குதுறை?”

“அது சபை பாக்கிற வேலை. அந்த இடம் கையில இல்லாட்டிக் கஷ்டம்தான்.”

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மாவட்டச் செயலகக் கச்சேரி வளவில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நான் கோவையைத் திறந்து மூடினேன். கண்டெடுத்த நாளைச் சொல்லிவிடுங்கோ என்று என் மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன்.

“அவரைச் சாக விடாமல் இவ்வளவு நாளும் வைச்சிருந்தது நான்தான்” என்றார் றெஜினா. “எனக்கு அது வேண்டியிருந்தது. நீங்களும் விட்டியள், நீதிபதி ஐயாவும் விட்டவர். இப்ப கண்டெடுத்தாச்சு. இனி ஒரு கதிரைக்காக அவரை நாலு மாசம் அந்தத் தண்ணிக்குள்ள உயிரோட வைச்சிருக்கேலாது, சேர்.”

அடுத்த நாள் மரண விசாரணையில் அவர் அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னார். அப்படியே எழுதப்பட்டது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது தீர்ப்பு வந்தது. தெரிவு செல்லாது. என் சேவைக் காலம் முழுவதிலும் நான் கையெழுத்திட்ட முடிவுகளில் நீதிமன்றம் இரத்துச் செய்தது அது ஒன்றுதான். இடம் குழுவின் கையைவிட்டுப் போனது. இறங்குதுறை இன்றைக்கும் இல்லை, மீனவர்கள் சேற்றில் இறங்கித்தான் மீன்பெட்டியைச் சுமக்கிறார்கள். நல்லதைச் செய்தால் நல்லதே நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சவரிமுத்துவின் அடக்கத்துக்குக் கேதீஸ்வரன் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். கிராமத்தவர்கள் சிலர் றெஜினாவோடு கொஞ்சக் காலம் கதைக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

அந்த முற்பகலில் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. கதைத்து முடித்து எழுந்தபோது, பூநகரிப் பக்கம் இனி எத்தனை மணிக்கு பஸ் என்று றெஜினா கேட்டார். ஒன்றரைக்குத்தான் என்றேன். வெளியே நல்ல வெயில். பஸ் நிலையம் கிட்டடியில் இல்லை.

“எங்கட ஜீப் அந்தப் பக்கம்தான் போகுது. ஏறுங்கோ, வீட்டடியில இறக்கிவிடச் சொல்லுறன்.”

அவர் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வேண்டாம், சேர். நாளைக்கு நான் சொல்லப்போறதை நீங்கள்தான் சொல்லித் தந்ததெண்டு கதைப்பினம். உங்களுக்குத்தான் கூடாது.”

படியிறங்கி, பஸ் நிலையத்துப் பக்கமாக வெயிலில் நடந்து போனார்.